தண்ணியா, தரையா? தென்னாப்பிரிக்காவில் ஆம்ஃபிபியன் விமானம் ஓட்ட வருகிறவர்களுக்கு

போன ஆண்டு ஏப்ரலில், குவாசுலு நட்டாலின் மிட்லாண்ட்ஸ் பக்கம் ஓர் அணையில் காலை முழுக்க நான்கு முறை அழகாக இறங்கி ஏறினேன். ஐந்தாவது முறை தார் ரன்வேயில், சக்கரத்தை இறக்காமல் இறங்கினேன். பெரிய அண்டாவைச் சிமெண்ட் தரையில் தரதரவென்று இழுத்துக்கொண்டு போவது போல ஒரு சத்தம். அவ்வளவுதான். எனக்கு ஒரு கீறல் இல்லை. விமானத்தின் அடியில் மட்டும் கீல் பட்டை (வயிற்றின் நடுவே நீளமாக ஓடும் காப்புப் பட்டை) தேய்ந்து, ஃபைபர் உரிந்து போயிருந்தது.

அதற்குப் பிறகுதான் உண்மையான அலைச்சல். அறிக்கை, படிவம், இன்ஷூரன்ஸ், மறுபடி படிவம் என்று எட்டு மாதம் போனது. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காக ஜொஹானஸ்பர்க், டர்பன் வந்து, கையில் காசு சேர்ந்ததும் பறக்கக் கற்று, ‘தண்ணியிலும் இறங்கலாமாமே’ என்று கண் விரிய வருகிறவர்கள் இப்போது என்னைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் இங்கே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். ஓட்டக் கற்றுத்தர உங்கள் பயிற்றுநர் இருக்கிறார், விமானத்தின் கையேடு இருக்கிறது. அவை சொல்லாமல் விட்டதையும், சொல்லியும் என் காதில் ஏறாததையும் மட்டும் சொல்கிறேன்.

1. எந்தத் தவறு காசைப் பறிக்கும், எது உயிரைப் பறிக்கும்

ஆம்ஃபிபியன் என்றால் தண்ணீரிலும் தரையிலும் இறங்கும் விமானம். வயிறே படகு போல இருக்கும் ஹல் வகை ஒன்று. சாதாரண செஸ்னா மாதிரி விமானத்துக்குக் கீழே இரண்டு மிதவை கட்டி, மிதவைக்குள் சக்கரம் வைத்தது இன்னொன்று. இரண்டிலும் சக்கரத்தை ஏற்றி இறக்க ஒரு லீவர் உண்டு. எல்லா வம்பும் அந்த லீவரில்தான்.

சக்கரம் மேலே இருக்கும்போது ரன்வேயில் இறங்கினால், என்னைப் போலத் தேய்த்துக்கொண்டு நிற்பீர்கள். செலவும் அவமானமும்தான் மிச்சம். பெரும்பாலும் நடந்தே வெளியே வந்துவிடலாம்.

சக்கரம் கீழே இருக்கும்போது தண்ணீரில் இறங்குவது வேறு கதை. சக்கரம் நீரைத் தொட்டதும் ஒரே நொடியில் பிரேக் போட்டது போல இழுக்கும். எடையெல்லாம் மேலே இருப்பதால் மூக்கு உள்ளே போய், விமானம் அப்படியே குப்புறக் கவிழும். நீங்கள் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்குவீர்கள், மூக்கில் தண்ணீர் ஏறும், கதவு எந்தப் பக்கம் என்றே தெரியாது. இத்தகைய விபத்துகளில் மோதலில் தப்பித்தவர்களும் வெளியே வரத் தெரியாமல் மூழ்கிப் போகிறார்கள்.

புதியவர்கள் பயப்படுவது முதல் தவறுக்கு. யாராவது பார்த்துச் சிரிப்பார்களே என்ற பயம். அந்தப் பயமே ‘சக்கரத்தை இறக்கு, சக்கரத்தை இறக்கு’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருக்க வைக்கும். ஆபத்து அதில்தான் இருக்கிறது. ஏற்கெனவே மடக்குச் சக்கர விமானம் ஓட்டியவர்களுக்கு இந்தப் பழக்கம் கையிலேயே ஊறியிருக்கும். அவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு பொறி: ரன்வேயிலிருந்து கிளம்பி, பத்து நிமிடத்தில் பக்கத்து அணைக்குப் போகும் குட்டிப் பயணம். கிளம்பியதும் சக்கரத்தை ஏற்ற மறந்தால், வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, சத்தத்திலும் தெரியாது. அப்படியே போய் நீரில் இறங்குவார்கள். கிளம்பி நூறடி ஏறியதும் சக்கரத்தை ஏற்றி, ஏறிவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மற்ற வேலை.

2. உங்கள் தாள்கள்

இங்கே தனியார் விமானி லைசென்ஸான பி.பி.எல்.லுக்குக் குறைந்தது 17 வயது, 45 மணி நேரப் பறப்பு வேண்டும். இலகு விமானங்களுக்கான தேசிய விமானி லைசென்ஸ், அதாவது என்.பி.எல். என்றால் 35 மணி நேரம். மருத்துவச் சான்று பி.பி.எல்.லுக்கு இரண்டாம் வகுப்பு, என்.பி.எல்.லுக்கு நான்காம் வகுப்பு. எல்லா டாக்டரும் தர முடியாது. விமானப் போக்குவரத்து ஆணையம் நியமித்த டாக்டரிடம்தான் போக வேண்டும். இங்கே அவர்களை ‘டேம்’ என்பார்கள்.

இந்தியாவில் வாங்கிய லைசென்ஸ் இருந்தால் அதை இங்கே செல்லுபடியாக்கிக்கொள்ளலாம். இங்கத்திய விமான விதிகளும் பறத்தல் சோதனையும் எனக்குக் கஷ்டமாக இல்லை. இழுத்தது உறுதிக் கடிதம். ‘இந்த லைசென்ஸ் நாங்கள் கொடுத்ததுதான்’ என்று டெல்லியிலிருந்து இங்கே எழுத்தில் வர வேண்டும். எனக்கு மூன்று மாதம் ஆனது. அதனால் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே அதற்கு விண்ணப்பம் போட்டுவிடுங்கள். பறந்த கணக்கை எழுதும் லாக்புக்கின் எல்லாப் பக்கத்தையும் வண்ண ஸ்கேன் எடுத்து வையுங்கள். கையெழுத்தின் நீல மை தெரியாத கறுப்பு வெள்ளை நகலை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்கள்.

அப்புறம் நீரில் இறங்கும் தகுதி. தரை விமான லைசென்ஸ் இருந்தால் மட்டும் போதாது. ஒற்றை இன்ஜின் நீர் வகைக்கான பயிற்சியும் சோதனையும் முடித்து, அது லைசென்ஸில் ஏற வேண்டும். ‘நண்பர் பக்கத்தில் இருக்கிறார், அவரிடம் இருக்கிறதே’ என்று ஓட்டினால், ஏதாவது ஆகும்போது லீவர் யார் கையில் இருந்தது என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

லாக்புக்கில் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். தண்ணீர் இறக்கங்களையும் தரை இறக்கங்களையும் இரண்டு தனிக் கட்டங்களில் எழுதுங்கள். வழக்கமான லாக்புக்கில் அந்தக் கட்டம் இருக்காது, கோடு போட்டுக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ்காரர்கள் பிறகு இதைத்தான் கேட்பார்கள். நான் எழுதாமல் விட்டதால் 2 ஆண்டுப் பறப்பை உட்கார்ந்து நினைவிலிருந்தும் போன் படங்களிலிருந்தும் பிரித்தேன். ஒரு சனி, ஞாயிறு முழுக்கப் போனது.

3. விமானத்தின் தாள்கள்

வால் பகுதியில் இருக்கும் பதிவெழுத்தைப் பாருங்கள். இசட்-எஸ் என்று தொடங்கினால் தொழிற்சாலை வகைச் சான்று பெற்ற விமானம். இசட்-யூ என்றால் வகைச் சான்று இல்லாதது: வீட்டில் கட்டியது, கிட்டில் வந்தது, இலகு விமானம் எல்லாம் இதில் வரும். சின்ன ஆம்ஃபிபியன்கள் பல இசட்-யூ தான். இவற்றுக்குப் பறக்கும் தகுதிச் சான்றுக்குப் பதில் ‘அத்தாரிட்டி டு ஃப்ளை’ என்ற தாள் இருக்கும். அதில் ஒரு முடிவுத் தேதி இருக்கிறது. வாடகைக்கு எடுத்தாலும் பங்குக்கு வாங்கினாலும் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தேதியை.

கூடவே பதிவுச் சான்று, எடைச் சமநிலைத் தாள், ரேடியோ லைசென்ஸ், ஒவ்வொரு பறப்பையும் பழுதையும் எழுதும் ஃப்ளைட் ஃபோலியோ. எடைத் தாளை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இரண்டு இருக்கை ஆம்ஃபிபியனில் இரண்டு ஆள், முழு டேங்க், ஒரு பை என்று ஏற்றினாலே பலவற்றில் வரம்பு தாண்டிவிடும். அதோடு ஹல்லில் கசிந்து தேங்கும் தண்ணீரும் எடைதான். ஒரு லிட்டர் ஒரு கிலோ. இறங்கும்போது அது முன்னால் ஓடி மூக்கை அழுத்தும். கிளம்பும் முன் ஒவ்வோர் அறையாகப் பம்ப் அடித்து, எத்தனை அடி அடித்தால் காற்று வருகிறது என்று எண்ணி எழுதுங்கள். போன வாரம் ஆறு, இந்த வாரம் பதினைந்து என்றால் எங்கோ வெடிப்பு.

4. எந்தத் தண்ணீர்?

வானத்திலிருந்து பார்த்தால் எல்லா அணையும் ‘வா வா’ என்று கூப்பிடும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. அணையை நிர்வகிப்பவரிடமிருந்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ‘அட, இறங்கிக்கோங்க’ என்று வாயால் சொன்ன காவலாளி, பிறகு சாட்சிக்கு வர மாட்டார்.

தேசியப் பூங்கா, சிறப்புக் காப்பகம், உலகப் பாரம்பரியத் தலம் ஆகியவற்றின் மேல் 2,500 அடிக்குக் கீழே பறப்பதே அனுமதி இல்லாமல் குற்றம். 2003-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட பகுதிகள் சட்டம் அப்படிச் சொல்கிறது. செயின்ட் லூசியா கழிமுகம் இசிமங்கலிசோவுக்குள், அதாவது உலகப் பாரம்பரியத் தலத்துக்குள் இருக்கிறது. டர்பனிலிருந்து வடக்கே போகும் ஒவ்வொருவருக்கும் அந்த நீரைப் பார்த்ததும் கை அரிக்கும். சட்டம் கிடக்கட்டும், அங்கே நீர்யானையும் முதலையும் இருக்கின்றன. நீர்யானை முதுகு மேலிருந்து பார்க்கும்போது பாறை மாதிரியும் தெரியாது, தண்ணீர் மாதிரியும் தெரியாது.

ஹார்ட்பீஸ்பூர்ட் அணையில் ஆகாயத்தாமரை. காற்று மாறினால் அந்தப் பச்சைப் பாய் நகர்ந்து வந்து, காலையில் திறந்திருந்த இடத்தை மாலையில் மூடிவிடும். ஹோவிக் அருகே மிட்மார் அணையில் பிப்ரவரியில் மிட்மார் மைல் நீச்சல் போட்டி நடக்கும், ஆயிரக்கணக்கானோர் தண்ணீருக்குள் இருப்பார்கள். வால் (Vaal) அணையில் வார இறுதியில் பாய்மரப் படகும் மோட்டார் படகும் நிறைந்திருக்கும். தண்ணீரில் இறங்கிய பிறகு நீங்களும் ஒரு படகுதான். சர்வதேச விதிப்படி, நீரில் இருக்கும் விமானம்தான் மற்ற எல்லாக் கலங்களுக்கும் பொதுவாக விலகிப் போக வேண்டும். ‘நான் பெரியவன், அவன் விலகட்டும்’ கதை இங்கே எடுபடாது.

உயரத்தையும் கணக்கில் வையுங்கள். டர்பன் கடல்மட்டத்தில் பழகியவர்களுக்கு இது புரிவதில்லை. வால் அணை சுமார் 1,480 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வேக முள் 45 நாட் காட்டினாலும், மெல்லிய காற்றில் நீங்கள் உண்மையில் தண்ணீரைத் தொடும் வேகம் அதைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடுதல். வேகம் பத்து சதவீதம் கூடினால் மோதும் சக்தி இருபது சதவீதத்துக்கு மேல் கூடும். இறங்கிவிட்டு வெயிலில் மறுபடி கிளம்ப முடியாமல் நின்றவர்களும் உண்டு. கோடையில் மதியத்துக்கு மேல் ஹைவெல்ட் என்ற அந்த மேட்டுநிலத்தில் இடிமழை வேறு. அங்கே காலை பத்து மணிக்குள் வேலையை முடித்துக்கொள்வது நல்லது.

5. பணம்

வாடகை மணிக் கணக்கு மட்டும் செலவு இல்லை. என் அனுபவத்தில் புதியவர்கள் மறப்பவை இவை.

நீர்ப் பயிற்சிக்கு எனக்கு 9 மணி நேரம் ஆனது. ஆனால் காற்றும் அலையும் ஒத்துவராமல் திரும்பிப் போன நாட்கள் நான்கு. அந்த நாட்களிலும் விமானம் அணை வரை போய் வந்ததற்குக் காசு. மனக்கணக்கில் ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உப்புநீரில் இறங்கினால் அன்றே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். மறுநாள் என்பதே கிடையாது. சக்கர பேரிங்கில் கிரீஸ், கீல் பட்டை, பிரேக் பேட் எல்லாம் தரை விமானத்தைவிடச் சீக்கிரம் தீரும். இன்னொன்று: தண்ணீரிலிருந்து வந்து ரன்வேயில் இறங்கும்போது பிரேக் ஈரமாக இருக்கும், முதல் மிதிக்குப் பிடிக்காது. குட்டை ரன்வேயை நம்பாதீர்கள்.

பங்குக்கு வாங்குகிறீர்கள் என்றால் கூட்டாளிகளிடையே ஓர் எழுத்து ஒப்பந்தம் போடுங்கள். யார் ஓட்டும்போது அடிபட்டதோ அவர்தான் எக்ஸஸ் (இன்ஷூரன்ஸ் தராமல் நாமே கையிலிருந்து போடும் தொகை) கட்டுவது, பழுது பார்க்கும் மாதங்களில் ஹேங்கர் வாடகையை எல்லோரும் பகிர்வது என்று தெளிவாக. நாங்கள் போடவில்லை. ஒருவரோடு இன்னும் பேச்சு சரியாக இல்லை. தைப்பூசத்துக்குக் கோயிலில் பார்த்தபோதும் வணக்கத்தோடு முடித்துக்கொண்டோம்.

6. இன்ஷூரன்ஸ்: கையெழுத்துக்கு முன்

என் பாலிசியில் ‘விமானம் ஓடும்போதும் நிற்கும்போதும்’ என்று போட்டிருந்தது. சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன். நாலாவது பக்கத்தில் இருந்த நிபந்தனைகளை அடிபட்ட பிறகுதான் படித்தேன்.

நீங்கள் கேட்க வேண்டியவை: நீரில் இறங்குவது, ஏறுவது, நீரில் நங்கூரமிட்டு நிற்பது மூன்றும் பாலிசிக்குள் இருக்கிறதா? ஓட்டுபவருக்கு ஆம்ஃபிபியனில் குறைந்தபட்சம் இத்தனை மணி நேரம் என்று நிபந்தனை இருக்கிறதா, அது மொத்த மணியா, அதே ரகத்தில் மட்டுமா? எக்ஸஸ் நீருக்கும் தரைக்கும் வெவ்வேறா? மூழ்கினால் நீரிலிருந்து எடுக்கும் செலவு யார் தலையில்? கடைசிக் கேள்விதான் முக்கியம். முக்குளிப்பவர், காற்றுப்பை, படகு, கிரேன் என்று போனால், சின்ன விமானத்தின் விலையையே தொட்டுவிடும்.

பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். போனில் சொன்னது காற்றோடு போச்சு. எனக்கு நடந்த கணக்கு இது: பழுது பார்த்த வேலை 61,000 ராண்ட், எக்ஸஸ் 40,000. மீதி 21,000-க்காகத்தான் எட்டு மாதம் அலைந்தேன்.

7. நீச்சல் குளத்தில் தலைகீழாக ஒரு நாள்

நீருக்கடியில் வெளியேறும் பயிற்சியைக் கடலுக்குள் எண்ணெய் மேடைகளில் வேலை செய்பவர்களுக்காக நடத்துகிறார்கள். தனி ஆட்களும் சேரலாம். ஒரு நாள். ஒரு கூண்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்து, குளத்தில் இறக்கி, கவிழ்ப்பார்கள். முதல் தடவை நான் பெல்ட்டைத்தான் முதலில் கழற்றினேன். உடனே மிதந்து கூரையில், அதாவது தரையில் போய் முட்டி, எது மேல் எது கீழ் என்று தெரியாமல் கையைக் காலை உதைத்தேன். அங்கே இருந்தவர் காலரைப் பிடித்து வெளியே இழுத்தார்.

சரியான வரிசை: ஒரு கையால் கதவுப் பிடிக்குப் பக்கத்தில் இருக்கும் நிலையான ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அசைவு நிற்கும் வரை பொறுங்கள். கதவைத் திறங்கள். ஹெட்செட்டைக் கழற்றி எறியுங்கள், வயர் கழுத்தில் சுற்றும். அதற்குப் பிறகுதான் பெல்ட். பிடித்த கையை விடாமல் அதை நோக்கி உடம்பை இழுத்து வெளியே வாருங்கள்.

லைஃப் ஜாக்கெட் வாங்கும்போது ஏமாறாதீர்கள். டர்பன் படகுக் கடைகளில் நன்றாக விற்பது, தண்ணீர் பட்டதும் தானே ஊதிக்கொள்ளும் ரகம். படகுக்கு அது அருமை. விமானத்துக்கு அது எமன். கவிழ்ந்த கேபினுக்குள் ஊதிக்கொண்டால் உங்களை மேலே அழுத்தி நிறுத்திவிடும், கதவு வரை மூழ்கிப் போக முடியாது. கயிறு இழுத்தால் மட்டும் ஊதும் ரகம் வாங்கி, உடம்பில் மாட்டிக்கொண்டே பறங்கள். சீட்டுக்கு அடியில் வைத்த ஜாக்கெட் மீனுக்குத்தான் உதவும்.

கூட வருபவரை, அது உங்கள் மனைவியானாலும் மாமனாரானாலும், கண்ணை மூடச் சொல்லி மூன்று முறை கதவுப் பிடியைத் தொடவையுங்கள். என் மாமனார் ‘என்ன மாப்ளே, என்னை முழுகடிக்கவா கூட்டிட்டுப் போறீங்க’ என்றார். இருந்தாலும் தொட்டார்.

8. லீவரைத் தொடும் முன் வாயால் சொல்வது

என் தவறு எங்கே நடந்தது என்று சொல்கிறேன். நான் செக்லிஸ்டை விடவில்லை. அணையில் நான்கு முறையும் ‘கியர் அப், நீல விளக்கு’ என்று சத்தமாகச் சொன்னேன். எங்கள் விமானத்தில் சக்கரம் மேலே என்றால் நீலம், கீழே என்றால் பச்சை. ஐந்தாவது முறை ரன்வேயை நோக்கித் திரும்பும்போதும் ‘கியர் அப், நீல விளக்கு’ என்றேன். விளக்கைப் பார்த்தேன், நீலம். லீவரைப் பார்த்தேன், மேலே. எல்லாம் பொருந்தியது. இடம்தான் மாறியிருந்தது.

சக்கரம் எங்கே இருக்கிறது என்று விளக்கு சொல்லும். நீங்கள் எதில் இறங்கப் போகிறீர்கள் என்று அதற்குத் தெரியாது. ‘தண்ணீரில் இறங்க சக்கரம் மேலே’ என்று குரலில் சொல்லும் கருவி உண்டு, நல்ல கருவிதான். ஆனால் ஒவ்வோர் இறக்கத்திலும் அது ஏதோ ஒன்றைச் சொல்வதால், கொஞ்ச நாளில் காது அதைக் கோயில் ஒலிபெருக்கி மாதிரி எடுத்துக்கொள்கிறது.

என் பயிற்றுநர் டர்பன்காரர், எழுபதை நெருங்குகிறவர். ஐந்தாறு தலைமுறைக்கு முன் வந்த குடும்பம். அவருக்குத் தெரிந்த தமிழ் நாற்பது சொல் இருக்கும். அதில் ஒன்று தண்ணி. இங்கே அவர்கள் ஆடும் சீட்டாட்டத்தின் பெயரே நம் ‘தண்ணி’யிலிருந்து வந்ததுதான் என்பார்கள். விபத்துக்குப் பிறகு முதல் பயிற்சியில், இறங்கத் திரும்பியதும் அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: “தண்ணியா, தம்பி, தரையா?”

“தரை, அங்கிள்” என்று சொன்ன பிறகு கை தானாகவே லீவருக்குப் போனது.

இப்போது நான் செய்வது இதுதான். முதலில் இடத்தைத் தமிழில் சொல்கிறேன். வெளியே கண்ணாடிக்கு அப்பால் பார்த்து, பார்த்ததைச் சொல்கிறேன்: ‘இது தண்ணி. சக்கரம் மேலே இருக்கணும்.’ பிறகு விளக்கு. பிறகு சக்கரத்தையே எட்டிப் பார்க்கிறேன், அல்லது இறக்கையில் பொருத்திய குட்டிக் கண்ணாடியில் பார்க்கிறேன். இதை மூன்று முறை: இறங்கும் சுற்றில் நுழையும்போது, கடைசித் திருப்பத்துக்கு முன், நேராக வந்த பிறகு. ஆங்கிலத்தில் சொன்னபோது அது மந்திரம் மாதிரி வாயில் ஓடியது. தமிழில் சொல்லும்போது இன்னும் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அது எனக்கு வசதி. சந்தேகம் வந்தால் த்ராட்டிலைத் தள்ளி மேலே போய், இன்னொரு சுற்று.

9. தண்ணீர் செய்யும் மாயம்

காற்றே இல்லாத காலை, அணை கண்ணாடி மாதிரி கிடக்கும். படம் எடுக்க அழகு, இறங்க மோசம். மேற்பரப்பு எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. ஐம்பதடி மேலே இருந்துகொண்டே தொட்டுவிட்டதாக நினைத்து மூக்கைத் தூக்குவார்கள், அல்லது அப்படியே போய்க் குத்துவார்கள். கரையை ஒட்டி வாருங்கள், பக்கத்தில் புல்லோ மரமோ தெரிந்தால் உயரம் பிடிபடும். மூக்கைக் கொஞ்சம் தூக்கி, கொஞ்சம் பவர் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 150 அடி வீதம் இறங்கும்படி அமைத்துவிட்டு, அதை மாற்றாமல் காத்திருங்கள். தொடும்போது தொடட்டும். இதற்கு நீளம் நிறையத் தேவை. சின்னக் குளத்தில் செய்யாதீர்கள்.

அலை ஓர் அடிக்கு மேல் இருந்தால் சின்ன விமானத்துக்கு வேண்டாம். டர்பன் கடலோரத்தில் வடகிழக்குக் காற்று மதியம் வலுக்கும், தென்மேற்குக் காற்று திடீரென்று அடித்து எல்லாவற்றையும் புரட்டும். படகு போன தடத்தில் எழும் அலையைப் பலர் மறக்கிறார்கள். படகு போய் இரண்டு நிமிடம் கழித்தும் அது கரையில் மோதித் திரும்பி வரும்.

தொட்டதும் விமானம் கடல்பன்றி மாதிரி மூக்கை ஆட்டித் துள்ளத் தொடங்கினால் ஸ்டிக்கை முன்னும் பின்னும் துரத்தாதீர்கள். ஒவ்வொரு துள்ளலும் முந்தியதைவிடப் பெரிசாகும். இரண்டாவது துள்ளலிலேயே முடிவெடுங்கள்: ஸ்டிக்கைப் பின்னால் பிடித்துப் பவரை எடுத்து உட்கார வையுங்கள், அல்லது முழுப் பவர் கொடுத்துக் கிளம்பிவிடுங்கள்.

10. நடந்துவிட்டால்: முதல் மணி நேரம்

ஆட்கள் முதலில். மொபைலில் 112. அணையிலோ கடலிலோ என்றால் என்.எஸ்.ஆர்.ஐ. என்ற மீட்பு அமைப்பின் தன்னார்வலர்கள் வருவார்கள். அவர்களின் அவசர எண்ணைப் பறக்கும் முன்பே போனில் போட்டு வையுங்கள், போனை நீர் புகாத உறையில்.

எரிபொருளையும் பேட்டரியையும் அணைக்க வேண்டும். ஆனால் அணைக்கும் முன் எது எந்த நிலையில் இருந்தது என்று ஒரு படம். லீவர், விளக்கு, ஃப்ளாப், த்ராட்டில். நான் பதற்றத்தில் சக்கர லீவரைக் கீழே தள்ளிவிட்டேன், என்னமோ அதனால் சரியாகிவிடும் என்பது போல. அந்த ஒரு அசைவை விளக்க மட்டும் இரண்டு பக்கம் எழுதினேன்.

விமானத்தை நகர்த்தாதீர்கள். ஆளை மீட்கவோ ஆபத்தைத் தடுக்கவோ தவிர, விசாரணைப் பிரிவின் அனுமதி இல்லாமல் தொடக் கூடாது. ரன்வே அடைபட்டு நிற்கும், பின்னால் காத்திருப்பவர்கள் ‘தள்ளிடலாம் வா’ என்று வருவார்கள். போனில் அனுமதி கேளுங்கள், யார் எத்தனை மணிக்குச் சொன்னார் என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தள்ளுங்கள்.

11. அன்றைக்குள், அப்புறம் அந்த வாரம்

ஆணையத்தின் விபத்து விசாரணைப் பிரிவுக்கு அன்றே தெரிவியுங்கள். ‘இது விபத்தா, சின்னச் சம்பவமா’ என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள், அது அவர்கள் வேலை. அந்த விசாரணை யார் மேல் குற்றம் என்று தீர்ப்பதற்கு இல்லை, மறுபடி நடக்காமல் தடுப்பதற்கு. அதனால் மழுப்பாமல் எழுதுங்கள். சர்வதேச நடைமுறைப்படி முதல்கட்ட அறிக்கைக்கு 30 நாள், இறுதி அறிக்கைக்கு 12 மாதம் என்பது இலக்கு. பழைய அறிக்கைகள் ஆணையத்தின் தளத்தில் இருக்கின்றன. வாங்க நினைக்கும் விமான ரகத்தின் பெயரைப் போட்டுத் தேடிப் படியுங்கள், விற்பவர் சொல்லாதது அதில் இருக்கும்.

நேரத்தை எழுதும்போது ஒரே கடிகாரத்தை வையுங்கள். இங்கத்திய நேரம் உலக நேரத்தைவிட 2 மணி கூடுதல். ஆணையத்தின் படிவத்தில் உலக நேரத்தை எழுதினேன், இன்ஷூரன்ஸ் படிவத்தில் உள்ளூர் நேரத்தை எழுதினேன். விமானத்தில் மாட்டியிருந்த கேமரா இன்னும் இந்திய நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது, அது இங்கத்திய நேரத்தைவிட மூன்றரை மணி முன்னால். ஒரே இறக்கம் மூன்று வெவ்வேறு நேரத்தில் நடந்திருந்தது. ‘விளக்கவும்’ என்று வந்த கடிதத்துக்குப் பதில் போய்ச் சேர்ந்து, கோப்பு மறுபடி நகர 7 வாரம்.

தண்ணீரில் மூழ்கியிருந்தால் எடுப்பதில் அவசரப்படாதீர்கள். வாலில் கயிறு கட்டி இழுத்து, சும்மா கவிழ்ந்திருந்த விமானத்தை இரண்டாக உடைத்தவர்கள் உண்டு. தூக்கும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் வடிய நேரம் கொடுத்து மெதுவாகத் தூக்க வேண்டும். இன்ஜின் காற்று பட்டதும் துருப்பிடிக்க ஆரம்பிக்கும். அதனால் மெக்கானிக் தயாராகக் கரையில் நிற்கும் நாளில்தான் வெளியே எடுக்க வேண்டும்.

பழுது பார்ப்பவரிடம் வேலை தொடங்கும் முன் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, இன்ஷூரன்ஸ் ஆள் வந்து பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே ஒரு ஸ்க்ரூவைக் கழற்றச் சொல்லுங்கள். இசட்-யூ விமானத்துக்கு அங்கீகாரம் பெற்ற ஆள், இங்கே சொல்வது போல ‘ஏ.பி.’, கையெழுத்துப் போட்டால்தான் மறுபடி பறக்கலாம். உதிரி பாகம் வெளிநாட்டிலிருந்து வந்தால் சுங்கமும் 15 சதவீத வாட் வரியும் உங்கள் கணக்கில் சேரும். மதிப்பீட்டில் அதைத் தனி வரியாகப் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் இன்ஷூரன்ஸில் அதைக் கழித்துவிடுவார்கள். எனக்குக் கழித்தார்கள். வாட் ரசீதைத் தனியாக அனுப்பி, டிசம்பர் இரண்டாம் வாரத்தில்தான் அந்தப் பணம் வந்தது.